கூரையில் ஓர் ஓட்டைக்கு மானியம்

இலங்கை அரசாங்கத்தை முழு மனதோடு நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் லயத்தில், எனக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்தார். மந்திரிமார்கூட அந்த அளவுக்கு நம்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு உள்விஷயம் தெரியும். அவர் பெயர் மானியம். அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் ஒன்று தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் இருந்தது. சம்பள நாளன்று கிளாக்கர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவர் சும்மா நின்றுகொண்டிருப்பார்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா பக்கம் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள் ஏறினால் எங்கள் லயம். வெள்ளைக்காரன் கட்டியது. நீளமாக ஒரு தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. கல்லில் மிச்சம் பிடித்திருக்கிறான். அதனால் ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் வரிசை முழுக்க நாக்கில் எச்சில் ஊறும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மற்ற வீட்டுக்காரர்கள் எழுந்து வர வேண்டியதில்லை, படுத்தபடியே பஞ்சாயத்துப் பண்ணலாம். அடுப்பு அவரவருக்குத் தனி. புகை மட்டும் எல்லோருக்கும் பொது.

மானியம் கவ்வாத்து வெட்டுகிறவர். வயதான தேயிலைச் செடியைக் கத்தியால் சீவிக் கழிக்கிற வேலை அது. கழித்த குச்சிகளை மிலாறு என்போம். அதுதான் எங்களுக்கு விறகு. மழைக்காலத்தில் ஈர மிலாறைப் பற்றவைத்தால் தீ கண்ணில் படாது, புகை மட்டும் கண்ணைப் பிடுங்கும். மானியத்தின் மனைவி செல்லம்மா சின்னம்மா அந்தப் புகைக்குள் குனிந்தே வயதானவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்னால் அடுப்பை ஊதத் தொடங்குவார், இருமல் தொடங்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை எழுப்பிவிட்டது அந்த இருமல்தான்.

"இந்தப் பொம்பள இருமி இருமியே என் தூக்கத்தக் கெடுக்குறா" என்று மானியம் தோட்டமெல்லாம் புகார் சொல்வார். பின்னால் அவர் அலைந்த அலைச்சலெல்லாம் தன் தூக்கத்துக்காகத்தான் என்று நாங்களும் நெடுநாள் நம்பினோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று ஞாபகம். ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று நின்று அறிவித்தது. வீட்டில் எரிபொருளைச் சிக்கனப்படுத்த அரசாங்கம் மானியம் தருகிறதாம். விறகு குறைவாகத் தின்னும் அடுப்பு, புகையை வெளியே தள்ளும் புகைக்கூடு, குளிர் இறங்காமல் கூரைக்கு உள்தட்டு. சொந்த வீட்டைத் திருத்த விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். அன்றைக்குத் தக்காளி வாங்கப் போயிருந்த மானியம் வெறும் கையோடு மலையேறி ஓடி வந்தார்.

"ஏ புள்ள, அரசாங்கம் நமக்கு அடுப்புக் கட்டித் தருதாம்!"

"தக்காளி எங்க?"

"பொகக்கூடு வச்சுத் தர்றாங்களாம்டி!"

"அப்ப அந்த அரசாங்கத்தையே வந்து ரசம் வைக்கச் சொல்லு."

சுவருக்கு மேலால் லயமே இதைக் கேட்டது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் மானியம்.

நான் அப்போது ஹட்டன் கடைத்தெருவில் டைப் அடிக்கும் கடையில் வேலை செய்தேன். மனு எழுதுவதென்றால் மானியம் என்னிடம்தான் வருவார். எந்தத் தொரையோ விட்டுப்போன பழைய கோட்டு, பின் கழுத்தில் மாட்டிய குடை, சவரம் செய்த முகம். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். அரசாங்கத்துக்கு நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை.

"போடுங்க தம்பி. 'கனம் ஐயா அவர்களுக்கு. உங்க வீட்ல அம்மா சொகமா? அவுங்களுக்கும் அடுப்படியில பொகக் கஷ்டம் இருந்தா மொதல்ல அவுங்களுக்குக் குடுத்துட்டு அப்பறம் எங்களுக்குக் குடுங்க.'"

"சித்தப்பா, இதெல்லாம் மனுவில போடக் கூடாது."

"ஏன்? அவுங்களும் பொம்பளதானே?"

போட்டேன். பதில் வரவில்லை. மானியம் சளைக்கவில்லை. அரசாங்க முத்திரை போட்ட வாகனம் எது மலைக்கு வந்தாலும் கையைக் காட்டி நிறுத்தி, "நம்ம அடுப்பு விசயம் என்னாச்சுங்க?" என்று கேட்பார். கொசு மருந்து அடிக்க வந்தவர்களிடம் கேட்டார். வாக்காளர் பெயர் பதிய வந்தவரிடம் கேட்டார். ஒரு நாள் வழி தப்பி வந்த போலீஸ் ஜீப்பிடமும் கேட்டுவிட்டு, லயத்துக்கு வழி காட்டுகிறேன் என்று ஏறியும் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு நாள் நுவரெலியாவுக்கே போனார். ஒரே கட்டடத்தில் பல கந்தோர், கதவுக்கு ஒரு அரசாங்க அலுவலகம். மானியம் எந்தக் கதவில் நுழைந்தாரோ, சாயங்காலம் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே கீச்சுக் கீச்சென்று கோழிக்குஞ்சுகள்.

"என்னங்க சித்தப்பா இது?"

"மானியம்னு சொன்னேன், கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். எல்லாம் ஒரே அரசாங்கந்தானே தம்பி? இது மொதல்ல வந்திருக்கு. அடுப்பு பின்னால வரும்."

குளிர் தாங்காதே என்று குஞ்சுகளை அடுப்பங்கரையில் வைத்தார். புகை தாங்காமல் அவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. செல்லம்மா சின்னம்மா ஒவ்வொன்றுக்கும் அழுதார். மானியம் மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். அடுத்த மனுவில் இந்த வரி இருந்தது: 'தாங்கள் அனுப்பிவைத்த கோழிக்குஞ்சுகளும் இதே புகையால் காலமாகிவிட்டன என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.'

இந்த மனுவைப் பார்த்து யாரோ சிரித்திருக்க வேண்டும். கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. நல்ல மனுஷன், கோபப்படத் தெரியாதவர். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"வீடு ஆற்றை பேரிலை இருக்கு?"

"என் பேர்லதாங்க. லயத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அப்பிடியில்லை. உறுதி, காணிப் பத்திரம், ஏதும் இருக்கோ?"

"எங்க பாட்டன் செத்தது அந்தக் காம்பராவுலங்க. எங்கப்பன் செத்ததும் அங்கனதாங்க. அதுக்கு மேல என்னங்கய்யா வேணும்?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்ததுக்குப் பத்திரம் இருக்கும். இருந்ததுக்கு இல்லையே, அதுதான் பிரச்சினை" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

கூரைக்குச் சொந்தக்காரன் கடிதம் தந்தால் பார்க்கலாம் என்று ஒரு வழி சொன்னார். சொந்தக்காரனைத் தேடினோம். கம்பெனிக்குத் தோட்டம் குத்தகைக்குத்தான் வந்தது, நிலம் அரசாங்கத்துடையது என்று தோட்டத்துக் கந்தோரில் சொன்னார்கள். தோட்டத்தைக் கம்பெனியிடம் கொடுத்தாயிற்று, கட்டடம் அவர்கள் பாடு என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். ஆக, எங்கள் கூரைக்குச் சொந்தக்காரன் யாரும் இல்லை. அதில் யாரையும் கேட்காமல் ஓட்டை போட மழைக்கு மட்டும் உரிமை இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் தேயிலையைச் சீவிப் பிழைத்த மனிதன், தன் தலைக்கு மேல் இருக்கும் தகரத்தில் ஒரு கையகல வட்டம் வெட்ட நாயாய் அலைந்தான்.

தீபாவளி வந்தது. தீபாவளிக்குத் தோட்டத்து ஆட்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பங்களாவுக்குப் போய், தோட்டத்து மனேஜரான பெரிய தொரைக்கு மரியாதை செய்வது வழக்கம். மானியம் கோட்டைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் தொரை கழுத்தில் மாலையைப் போட்டார். போட்டவர் கையை எடுக்கவில்லை. மாலையின் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "தொரைகளே, பொகக்கூட்டுக்கு ஒரு லெட்டர்" என்றார்.

தொரை சிங்களவர். சிரித்தார். பிறகு நகரப் பார்த்தார். முடியவில்லை. கங்காணிமார் பல்லைக் கடித்தார்கள். பங்களா நாய் குரைத்தது. மானியம் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு மாலையை மட்டும் விடாமல் நின்றார்.

"ஹரி, ஹரி. மாலே விடு. லெட்டர் தாறது!" ஹரி என்றால் அவர் பாஷையில் சரி.

இப்படியாகக் கடிதம் கிடைத்தது. சொந்தக்காரன் இல்லாத கூரைக்கு இதுவே போதும் என்று கந்தோரில் ஒப்புக்கொண்டார்கள். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. யாழ்ப்பாணத்து ஐயா நேரில் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். புகை உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது என்று கண்ணால் கண்டு எழுத வேண்டும். எழுதிவிட்டால் மானியம் வந்த மாதிரிதான். செல்லம்மா சின்னம்மாவுக்கு அந்த வருஷம் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. கொழுந்துக் கூடையோடு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

ஐயா பின்னேரம் வருவதாக இருந்தது. ஜீப் காலையில்தான் கிடைத்தது என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். வழிகாட்ட என்னைக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டார். மானியம் அந்த நேரம் மேல் மலையில் கவ்வாத்தில் நின்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 'லயம் பார்க்க வருகிறார்கள்' என்று சொன்னால் எங்கள் சனங்களுக்குக் கை தானாக வேலை செய்யும். அந்தக் காலத்தில் தொரை லயம் பார்க்க வருவார். கரி பிடித்த சுவரைக் கண்டால் ஏச்சு. சீக்காளியைக் கண்டால் பேர் வெட்டு. வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. பார்க்க வருகிறவனுக்குக் குறையைக் காட்டக் கூடாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். மானியத்துக்குப் புகைக்கூடு கிடைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட அதே சனங்கள், அன்று அவரும் நானும் வேலைக்குக் கிளம்பியதுமே பெரட்டுக்குப் போகாமல் கூடி அவர் வீட்டில் இறங்கிவிட்டார்கள். பரம்பரைக் கரியைச் சுரண்டி எடுத்தார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். மிலாறுக் கட்டை வாழைத்தோட்டத்தில் ஒளித்தார்கள். சுவருக்கு மேலால் புகை வந்துவிடக் கூடாது என்று வரிசை முழுக்க எல்லா அடுப்பையும் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி.

ஐயாவும் நானும் உள்ளே நுழைந்தோம். காம்பரா கல்யாண வீடு மாதிரி வெளுத்திருந்தது.

"இஞ்சை புகையே இல்லையே!" என்றார் ஐயா.

செல்லம்மா சின்னம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கைகட்டி நின்றார். "ஒரு கொறையும் இல்லீங்க ஐயா."

"உங்களுக்கு இருமல், மூச்சு முட்டு, ஏதும்?"

"இல்லீங்க. நல்லா இருக்கோங்க."

அவர் இருமலை அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது. ஐயாவும் கவனித்தார்.

"கண் கலங்கியிருக்கே அம்மா, ஏன்?"

"ஐயா வீட்டுக்கு வந்த சந்தோசங்க."

நான் பொறுக்க மாட்டாமல் சொன்னேன்: "ஐயா, இது இன்னைக்கு அடிச்ச சுண்ணாம்புங்க. தொட்டுப் பாருங்க. சின்னம்மா, சொல்லுங்களேன்!" ஐயா தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது. "துப்புரவாய் வைச்சிருக்கிறது நல்ல பழக்கம்தானே தம்பி. நான் கண்ணாலை கண்டதைத்தான் எழுதலாம். புகை இல்லாத வீட்டுக்குப் புகைக்கூடு எப்பிடிக் குடுக்கிறது?" என்றார். சின்னம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

ஜீப் புறப்பட்டு முதல் வளைவு திரும்பும்போதே பின்னால் அந்த இருமல் வெடித்தது கேட்டது. இன்ஜின் சத்தத்தில் ஐயாவுக்குக் கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததை மற்றவர்கள் சொன்னார்கள். மானியம் ஜீப்பைக் கண்டு மலையிலிருந்து கத்தியும் கையுமாக உருண்டு புரண்டு ஓடி வந்திருக்கிறார். வாசலில் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்திருக்கிறார். யாரையும் ஏசவில்லை. "ஏ, எல்லாரும் அடுப்பப் பத்த வைங்க! ஈர மிலாறாப் போடுங்க! ஜீப்பு இன்னும் தெரியுது!" என்று கத்தியிருக்கிறார்.

மலையை விட்டு இறங்கும் கடைசி வளைவில் நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் லயத்தின் கூரை முழுக்க, தகர இடுக்கெல்லாம், ஓட்டையெல்லாம் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. ரோட்டில், அந்த அவசரத்திலும் கோட்டை மாட்டிக்கொண்ட ஒரு உருவம் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயா, அங்க பாருங்க! புகை!"

ஐயா எட்டிப் பார்த்தார். "ஓம், சமைக்கினம் போலை" என்றார். மூடுபனி இறங்க முன்னம் போய்விடலாம் என்று சாரதியிடம் சொன்னார்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் மானியம் கிடைத்தது டவுனில் மாடி வீடு கட்டிய ஒரு முதலாளிக்கு. அவரிடம் உறுதி இருந்தது. அவர் வீட்டில் சமையல் காஸ் அடுப்பில். அந்தப் புகைக்கூட்டில் மைனா கூடு கட்டியது. அரசாங்கப் பணத்தில் வீடு திருத்திக்கொண்ட ஒரே மலையகப் பிரஜை அந்த மைனாதான்.

அடுத்த மழைக்காலத்தில் செல்லம்மா சின்னம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா ரொம்பக் காலமா சிகரட் குடிக்கிறவங்களா?" என்று கேட்டார். மானியத்துக்கு வந்ததே கோபம். "எம் பொண்டாட்டிய என்னான்னு நெனச்சீங்க?" என்று சத்தம் போட்டார். பிறகு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். அன்றைக்கு எந்த அரசாங்க வாகனத்தையும் கையைக் காட்டி நிறுத்தவில்லை.

சின்னம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் மானியம் உளியும் சுத்தியலுமாகக் கூரையில் ஏறிவிட்டார். தார்ப்பீப்பாயைத் தட்டி நீளமாக ஒரு குழாய் செய்து வைத்திருந்தார்.

"சித்தப்பா, அந்த லெட்டரு மானியத்துக்கு மட்டுந்தான். கம்பெனிக்காரன் கேஸ் போடுவான்!"

"மானியம் வரும்போது வரட்டும் தம்பி. ஓட்டய மட்டும் நாம போட்டு வச்சுக்குவோம். வர்றவுங்களுக்கு வேல மிச்சம்."

குழாய் கோணல். கூரைக்கு மேல் அது நின்ற அழகைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் புகை அதன் வழியே போனது. அதற்குப் பிறகு லயம் பார்க்க யார் வந்தாலும், கீழ் வளைவில் ஜீப் தெரிந்ததுமே யாராவது தட்டில் தட்டுவார்கள். ஒருத்தர் ஏறிக் குழாயைக் கழற்றுவார், இன்னொருத்தர் ஓட்டை மேல் தகரத்தைப் போட்டுக் கல்லை வைப்பார். பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒளித்து வைப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்றுதான் முன்பே பார்த்தீர்களே. அந்தத் திறமைக்கு ஒரு நல்ல காரியம் கிடைத்தது அப்போதுதான்.

குழாய் வைத்த மறுநாள் காலையில் நான் திடுக்கிட்டு விழித்தேன். ஏன் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. இருமல் கேட்கவில்லை. சுவருக்கு மேலால் மானியத்தின் குரல் வந்தது.

"தம்பி, பொக வருதா?"

"இல்லீங்க சித்தப்பா, வரல."

"இவளக் கேட்டா எப்பவும் ஒரு கொறையும் இல்லம்பா. அதான் ஒங்களக் கேட்டேன்."

பிறகு தினமும் கேட்டார். சின்னம்மா இன்னும் சில மழைக்காலம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கெட்ட நெஞ்சைக் குழாய் என்ன செய்யும், அது வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அடுப்பு எரிக்க ஆளில்லாமல் போன பிறகும் மானியம் காலையில் கேட்பதை நிறுத்தவில்லை. பக்கத்துக் காம்பராவில் தீயே மூட்டாமல் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, பொக வருதா?" என்பார். நானும் பதில் சொல்வேன். அவரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் குரல் நின்றது.

நான் இப்போது கொழும்புப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறேன். உறுதி அலுமாரியில் இருக்கிறது. சமையல் காஸ் அடுப்பில். கூரை வரை போகும் சுவர்கள். காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நிற்கும்போது, ஒருவரும் கேட்காமலே வாய் முணுமுணுக்கிறது: "இல்லீங்க சித்தப்பா, வரல."